கைநாட்டும் கையொப்பமும்

பள்ளிக்கூடம் பெற்றோருக்கு அனுப்புகின்ற தாள்கள் பல. தேர்வு முடிவு, கட்டண அறிவிப்பு, விளையாட்டுப் போட்டி நாள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கான அழைப்பு என்று ஆண்டு முழுவதும் அவை பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டு தொலைந்து போனாலும் குடிமுழுகிப் போவதில்லை. ஆயினும் ஒரு தாள் மட்டும் மற்றவற்றினின்றும் வேறானது. பிள்ளையின் உடலைப் பார்க்கவும், தொடவும், அதில் ஊசி ஏற்றவும், அதிலிருந்து இரத்தம் எடுக்கவும் இசைவு வேண்டி வருகின்ற தாள் அது. அதன் அடியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டின்மேல் தாயோ தந்தையோ காப்பாளரோ கையொப்பம் இட வேண்டும்.

கெடா மாநிலத்துத் தோட்டப் பள்ளிகளிலும் நகரப் பள்ளிகளிலும் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், இந்தத் தாளைப் பற்றி நான் எண்ணியவற்றை இங்கே எழுத முற்படுகிறேன். மருத்துவம் கற்றவனல்லன் நான். சட்டம் பயின்றவனும் அல்லன். தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியவன். திரும்பி வந்தவற்றை எண்ணி அடுக்கியவன். திரும்பி வராதவற்றைத் தேடி மாலை நேரங்களில் லயங்களுக்கு நடந்தவன். அந்த நடையில் கற்ற பாடமே இக்கட்டுரை.

நம் முன்னோரை யாரும் இசைவு கேட்டதில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறுவதற்கு முன்பு அவர்கள் முகாம்களில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. பினாங்குக் கரையை அடைந்த பின்னர் ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டனர். அங்கே கண் பார்க்கப்பட்டது, தோல் பார்க்கப்பட்டது, நாக்கு நீட்டச் சொல்லப்பட்டது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை இவ்வழக்கம் நீடித்தது. அந்தப் பார்வை அனைத்தும் ஒரு கேள்விக்கு விடை தேடியது: இந்த உடல் வேலைக்கு ஆகுமா? அவ்வுடலுக்கு உரியவரின் விருப்பம் என்னவென்று வினவும் இடம் அந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

தோட்டத்திற்குள் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தோட்ட மருத்துவமனையின் டிரெசர்தான் நம் மக்களுக்குத் தெரிந்த மருத்துவர். 1965-ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து அவர்களுடைய தகுதியை வரையறுத்தது. அதற்கு முன்னும் பின்னும் மக்களுக்கு அவர் டிரெசர்தான். பெரட்டுக் களத்தில் கொய்னா மருந்து கொடுத்தவர் அவர். பள்ளிக்கு வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, வயிற்றைத் தட்டிப் பார்த்தவரும் அவரே. அவர் வருவது பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளை வீட்டிற்கு வந்து சொன்னால்தான் தெரியும். சொல்லக் கேட்ட தாய், ‘டிரெசர் ஐயா பாத்தாருன்னா நல்லதுக்குத்தான்’ என்று அமைதி அடைவாள்.

அந்த அமைதியில் நன்றியும் இருந்தது, அச்சமும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிவது கடினம். அக்காலத்து மருத்துவத்தால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேட்டுக் குத்திய ஊசியும் கேளாமல் குத்திய ஊசியும் சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன. ஆனால், கேட்கப்படாமலே நன்மை பெற்றுப் பழகிய ஒரு சமூகம், கேட்கப்படாமல் தீமை வரும்போதும் வாய் திறவாமல் நிற்கும். எனக்கு இருக்கின்ற கவலை அதுதான்.

நம் நாட்டில் பள்ளிச் சுகாதாரத் திட்டம் 1967-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றி, அங்குப் பயின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கத் தொடங்கியிருந்தனர். பள்ளிச் சுகாதாரக் குழு வந்த பிறகு எடை, உயரம், கண் பார்வை, காது, தோல், பல் என்று பரிசோதனைகள் ஓர் ஒழுங்குக்குள் வந்தன. முதலாம் ஆண்டில் நுழையும் பிள்ளைக்கு ஊக்கத் தடுப்பூசி. மூன்றாம் படிவத்தில் இசிவு நோய்க்கான ஊசி. 2010-ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று வயது மாணவியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, 2016-ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்க்குத் தலசீமியா இரத்தப் பரிசோதனை என்று அவ்வொழுங்கு விரிந்தது. இவற்றோடு இசைவுப் படிவமும் வந்தது. பிள்ளையின் உடலைத் தொடுமுன் பெற்றோரைக் கேட்க வேண்டும் என்னும் கொள்கை ஒரு தாளின் வடிவில் தோட்டத்து லயத்தின் வாசலை எட்டியது. அது சிறிய மாற்றமன்று. பாட்டனாரைக் கேளாமல் குத்திய ஊசியைப் பேரனுக்குக் குத்துவதற்கு முன்பு, அவன் தாயின் அனுமதியை அரசாங்கம் கேட்டு நின்றது.

ஆனால் அத்தாள் பேசிய மொழி அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

படிவம் மலாய் மொழியில் அச்சிடப்பட்டிருந்தது. நாட்டின் தேசிய மொழி அது. அதில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. எனினும், தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்பைக் கூட எட்டாமல் மரம் வெட்டச் சென்றுவிட்ட தாய்க்குக் கடையில் பேசும் மலாய் தெரியும். படிவத்தின் மலாய் தெரியாது. ஆகவே, தாளைக் கொண்டு வந்த பிள்ளையே அதைப் படித்துப் பொருள் சொல்லியது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே பொருள் தாய்க்குக் கிட்டியது. ஊசிக்கு அஞ்சிய பிள்ளை, ‘வேண்டான்னு எழுதணுமாம்மா’ என்றது. அஞ்சாத பிள்ளை, ‘வாத்தியார் கையெழுத்துப் போடச் சொன்னாரு’ என்றது. தன் உடலுக்கான இசைவைத் தானே மொழிபெயர்த்துத் தரும் நிலையில் ஒரு குழந்தையை நிறுத்திவிட்டு, நாம் அதைப் பெற்றோரின் இசைவு என்று எண்ணிக் கோப்பில் அடுக்கி வைத்தோம்.

எண்பதுகளில் சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தபோது, முதலாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாள் மட்டும் திரும்பவில்லை. மாலையில் லயத்திற்குச் சென்றேன். அவன் தாய் வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளைப் பற்றிக் கேட்டதும் உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து அதை எடுத்து வந்தார். மடிப்புக் குலையாமல் இருந்தது.

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலைங்க ஐயா. மூத்தவனுக்கு ஊசி போட்டப்ப ரெண்டு நாளு காய்ச்சல் அடிச்சுச்சு. மரத்துக்குப் போகல. ரெண்டு நாள் சம்பளம் போச்சு. இவனுக்கும் காய்ச்சல் வந்தா யாருங்க பாத்துக்குவா? அதத்தான் யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.”

படிக்காதவர்கள் அஞ்சுகிறார்கள், மூடநம்பிக்கையால் மறுக்கிறார்கள் என்று நகரத்தார் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தாயின் வாயிலிருந்து வந்ததோ ஒரு மருத்துவர் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. ஊசியால் என்ன விளையும், விளைந்தால் என்ன செய்வது, அதன் செலவை யார் ஏற்பது என்பவையே அக்கேள்வியின் உட்பொருள். இசைவு என்பதன் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. மறுநாள் தாதியிடம் அதை அப்படியே சொன்னேன். சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு என்றும், ஈரத்துணியால் துடைத்துக் கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தால் தணியும் என்றும், அதற்கு மேலும் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வர வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அதைத் தமிழில் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். ஆயாக் கொட்டகையில் இருந்த அம்மையார் ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் அந்தத் தாய் தன் பெயரை எழுத்துக் கூட்டி, மெல்ல மெல்ல எழுதினார். அந்த ஆண்டு நான் அடுக்கிய தாள்களுள் உண்மையான இசைவு எத்தனை என்று எவரேனும் கேட்டால், அந்த ஒன்றை மட்டும் ஐயமின்றி எடுத்துக் காட்டுவேன்.

இனி, ஒப்பமிட உரியவர் யார் என்ற வினா எழுகிறது. தோட்டத்துக் குடும்பங்களில் இது எளிதான வினாவன்று. தந்தை சிங்கப்பூரில், தாய் பினாங்குத் தொழிற்சாலையில், பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்குக் கையெழுத்துத் தெரியாது. மை தொட்டுப் பெருவிரலை ஊன்றுவார். “ஏந் தம்பி, நான் வச்சா செல்லுமா?” என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டதுண்டு. அவர்தான் அப்பிள்ளையைக் குளிப்பாட்டியவர். அதன் இருமலை இரவில் கேட்டவர். இருப்பினும் சட்டத்தின் முன் அவர் யார் என்பது அவருக்கே ஐயமாக இருந்தது. பாட்டி கிடக்கட்டும், தாய்க்கே அந்த ஐயம் இருந்த காலம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சிறார் காப்பாளர் சட்டம் நெடுங்காலம் தந்தையையே முதன்மைக் காப்பாளராகக் கருதியது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தமே தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்று வரைந்தது. பத்து மாதம் சுமந்தவளின் ஒப்பம் தந்தையின் ஒப்பத்திற்கு நிகராக இருபதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நம் மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

பரிசோதனை முடிந்தவுடன் கடமை முடிந்துவிடுகிறது என்று எண்ணுவதும் தவறு. ஒரு சமயம் எங்கள் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. சுவரில் மாட்டிய அட்டையின் மூன்றாம் வரியைக் கூடப் படிக்க இயலாத பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் ‘மந்தம்’ என்று பெயர் பெற்றுக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவன். கரும்பலகை அவனுக்குத் தெரியவே இல்லை என்பது அன்றுதான் வெளிப்பட்டது. மருத்துவமனைக்குச் செல்லுமாறு எல்லார்க்கும் கடிதம் கொடுக்கப்பட்டது. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது ஒருவர் கூடச் சென்றிருக்கவில்லை. பேருந்துக்கு நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கண்ணாடிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி வேறு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் ஒரு வேன் ஏற்பாடு செய்து, ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்ற பிறகே காரியம் நடந்தது. கடைசி வரிசைப் பையன் கண்ணாடி அணிந்து வந்த அன்று, பலகையில் இருந்ததை உரக்கப் படித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறையைக் கண்டு சொல்வதற்கு இசைவு கேட்கிறவர்கள், கண்ட குறையைத் தீர்ப்பதற்கு வழியும் சொல்ல வேண்டும். அன்றேல் அத்தாள் ஏழையின் வீட்டில் இன்னுமொரு கவலையாகவே தங்கும்.

பிள்ளையின் நாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அறிந்த ஒரு பள்ளியில், மாணவியரின் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்த்தவர்கள், இருந்தவர்களின் பெயரை வகுப்பறையிலேயே உரக்கப் படித்தார்கள். அடுத்த நாள் ஒரு சிறுமி பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் தலையை ஒட்ட மழித்துக்கொண்டு வந்தாள். நோயைக் கண்டவர்கள் பிள்ளையைக் காணவில்லை. செல்வம் மிகுந்த நாடுகளிலும் இக்கொடுமை நேர்ந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட் ஸ்ட்ரௌட்ஸ்பர்க் என்னும் ஊரின் பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்புச் சிறுமியர்க்கு அந்தரங்க உறுப்புகள் வரை உடற்பரிசோதனை செய்யப்பட்டது. பெற்றோரின் முறையான இசைவு பெறப்படவில்லை. சிறுமியர் அழுதனர், தாயைத் தொலைபேசியில் அழைக்க வேண்டினர் என்று பெற்றோர் முறையிட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1999-இல் நடுவர் குழு பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. கல்வியும் வசதியும் உடைய பெற்றோர் என்பதால் வழக்காட முடிந்தது. லயத்துப் பெற்றோர்க்கு அது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணிப் பார்க்க வேண்டியதும் இல்லை. தமிழகத்தின் அண்டை மாநிலத்தில் நிகழ்ந்ததே சான்றாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறுமியர்க்கு எச்.பி.வி. ஊசி செலுத்தும் ஆய்வுத் திட்டம் நடந்தது. சிறுமியர் பலர் பழங்குடியினர். அரசு விடுதிகளில் தங்கிப் பயின்றவர்கள். எதிர்ப்பு எழுந்து, 2010 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, ஆந்திரத்தின் 9,543 இசைவுப் படிவங்களுள் 1,948 படிவங்களில் பெருவிரல் பதிவே இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளரே ஒப்பமிட்டிருந்தார். 2013-இல் இந்திய நாடாளுமன்றக் குழு தன் அறிக்கையில் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. சிறுமியர் சிலர் இறந்ததற்கு ஊசியே காரணம் என்று நிறுவப்படவில்லை. உலகின் பல நாடுகள் இன்று தம் பெண்மக்களுக்கு அளிக்கும் நல்ல ஊசிதான் அது. எனினும் நல்ல மருந்தையும் நம்பிக்கை இழக்கச் செய்துவிட்டது அந்தப் பொய்யான ஒப்பம். ஒரு படிவத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்திடுவதற்கு ஒரு நொடி போதும். போன நம்பிக்கையை மீட்க ஒரு தலைமுறையும் போதாது. ‘நேரமாகிறது, பெற்றோரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, நாமே போட்டுவிடுவோம்’ என்னும் எண்ணம் எந்தப் பள்ளியிலும் எழக்கூடியதே. தோழர்களாகிய ஆசிரியர்கள் இந்த எண்களை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, மறுப்பதே பெற்றோரின் உரிமைக்கு அழகு என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. மறுப்புக்கும் விலை உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நம் கெடாவிலும் மலாக்காவிலும் தொண்டை அடைப்பான் நோய் சிறு பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. ஏட்டில் மட்டுமே இருக்கிறது என்று நாம் எண்ணியிருந்த நோய் அது. தடுப்பூசியைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற குரல் அப்போது நாடெங்கும் ஒலித்தது. ஒரு பெற்றோர் மறுத்தால் அவர் பிள்ளை மட்டும் இடருக்கு உள்ளாவதில்லை. அதே வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் பிள்ளையும் உள்ளாகிறது. எனவே இசைவு என்பது தனியுரிமையாக இருக்கும் அதே வேளையில் அண்டை வீட்டாரின் பிள்ளைக்கும் நாம் ஆற்றும் கடமையாக ஆகிவிடுகிறது.

மற்றோர் எல்லையும் உண்டு. பிள்ளையைத் துன்புறுத்துபவர் வீட்டிற்குள்ளேயே இருந்தால், அவருடைய ஒப்பத்திற்காக மருத்துவர் காத்திருக்க முடியுமா? 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. கொடுமைக்கு உள்ளான பிள்ளையை மருத்துவரிடம் காட்டவும், பெற்றோர் நியாயமின்றி மறுத்தாலோ அவரே ஐயத்திற்கு உரியவரானாலோ அவசர சிகிச்சையைத் தொடரவும் அச்சட்டம் வழி செய்கிறது. பெற்றோரின் ஒப்பம் பிள்ளையைக் காப்பதற்கென்று ஏற்பட்ட வேலி. வேலியே பயிரை மேய்ந்தால் வேலிக்கு மதிப்பில்லை.

அப்படியானால் பிள்ளையின் சொல்லுக்கு இடம் எங்கே? முதலாம் ஆண்டுக் குழந்தைக்குத் தாய் முடிவு செய்யலாம். பதினாறு வயது நான்காம் படிவ மாணவனுக்கோ மாணவிக்கோ? 1971-ஆம் ஆண்டு வயதுவருகைச் சட்டப்படி பதினெட்டு நிறையும்வரை அவர்கள் சிறாரே. ஆனால் தலசீமியாப் பரிசோதனையின் விளைவு அவர்களுடைய பிற்கால வாழ்வைத் தொடுவது. மரபுக் கூற்றினைச் சுமக்கும் ஒருவருக்கு நோய் இல்லை. வேலைக்கோ விளையாட்டுக்கோ பொதுவாகத் தடை இல்லை. அவ்வாறு சுமக்கும் இருவர் மணந்தால் மட்டுமே, ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கடும் நோய் வர வாய்ப்பு உண்டு. இதை அறிந்து வைத்திருப்பது நன்மைக்கே. ஆயினும் நம் சமூகத்தில் பெண்ணின் குறை என்றால் காற்றினும் விரைவாகச் செய்தி பரவும். ‘ரத்தத்துல ஏதோ இருக்காம்’ என்ற ஒரு சொல் போதும், வரன் பேச வந்தவர் வழியிலேயே திரும்புவதற்கு. ஒரு மாணவி என்னிடம், “ஐயா, ரிசல்ட்டு யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள். பெற்றோர் ஒப்பமிட்டுவிட்டார்கள்; அவள் மறுக்கவும் இல்லை. அவள் வேண்டியது அந்த ஒரு விடைதான். அதைச் சொல்வதற்குப் படிவத்தில் கோடு இல்லை. 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சிறார் உரிமை உடன்படிக்கையில் நம் நாடு 1995-இல் இணைந்தது. தம்மைப் பற்றிய முடிவுகளில் பிள்ளைகளின் கருத்தும் அவர்களின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்பட வேண்டும் என்கிறது அது. தாயின் ஒப்பத்தோடு மகளின் கேள்விக்கும் விடை சேர்ந்தால்தான் அந்த இசைவு நிறைவு பெறும்.

தோட்டங்கள் இப்போது பழைய தோட்டங்களாக இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்து தொழிற்சாலைகளுக்கு மாறு நேர வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுக்குப் படிவத்தின் மொழி தெரியும். பாட்டியின் கைநாட்டு, பேத்தியின் அழகிய கையொப்பமாக மாறிவிட்டது. மாற்றம் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இரவு வேலை முடித்து வந்த கண்ணோடு, கைத்தொலைபேசியில் வந்த படிவத்தைப் படிக்காமல் விரலால் தட்டி அனுப்பும் தந்தையைப் பார்க்கும்போது, கைநாட்டின் காலம் முற்றிலும் போய்விட்டதா என்று ஐயுறுகிறேன். மறுபுறம், 2021-ஆம் ஆண்டில் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்குக் கொரோனா தடுப்பூசி போடப்பட்டபோது, அதே கைத்தொலைபேசியில் வந்த வதந்திகளை வரி விடாமல் படித்து நடுங்கிய பெற்றோரையும் கண்டேன். அரசாங்கத்தின் படிவத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் யாரோ எழுதிய அச்சத்தைப் படிக்க நேரம் கண்டனர். காரணம் எளிது. வதந்தி அவர்களுடைய மொழியில், அவர்களுடைய குரலில் பேசியது. படிவம் அப்படிப் பேசவில்லை.

தமிழாசிரியரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. மருத்துவக் குழு வருவதற்கு முன்பே, என்ன செய்யப் போகிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், என்ன துன்பம் நேரலாம், நேர்ந்தால் எங்குச் செல்வது என்பவற்றை எளிய தமிழில் அரைப் பக்கம் எழுதிப் படிவத்தோடு இணைத்து அனுப்புவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பெற்றோர் கூட்டத்தைத் தொழிற்சாலை நேரத்திற்கு ஏற்ப வைக்கலாம். தாளைப் பிள்ளை மொழிபெயர்க்கும்படி விடாமல், எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு நாமே படித்துக் காட்டலாம். மாணவியரைப் பரிசோதிக்கும்போது ஆசிரியை ஒருவர் உடனிருக்கலாம். எச்.பி.வி. ஊசியைப் பற்றித் தாய்மார் கேட்கக் கூசும் கேள்விகளுக்கு அவரே விடையளிக்கலாம். முடிவுகளை உரக்கப் படிக்காமல் உறையிலிட்டுக் கொடுக்கலாம். மறுத்த பெற்றோரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்காமல் ஒருமுறை நேரில் சென்று காரணத்தைக் கேட்கலாம். பெரும்பாலும் அங்கே ஒரு நல்ல கேள்வி விடையின்றிக் காத்திருக்கும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் தாய்க்காக நீங்கள் படிவம் படித்துக் காட்டும் வாய்ப்பு வந்தால், வேண்டியதை மட்டும் சொல்லி வேண்டாததை விழுங்கிவிடாதீர்கள். முழுவதையும் படித்துக் காட்டுங்கள். புரியாத சொல்லைப் புரியவில்லை என்றே சொல்லுங்கள். மொழியறிவு நமக்கு வாய்த்ததன் பயன் அதுவே.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவன். இந்த நான்காமவரை ஏனைய மூவரோடு ஒப்ப வைத்து எண்ணியதில்தான் வள்ளுவரின் நுண்மை விளங்குகிறது. பள்ளிக்கு வருகின்ற மருத்துவக் குழுவிடம் மருந்து இருக்கிறது. தாதியும் மருத்துவரும் இருக்கின்றனர். பிள்ளை வரிசையில் நிற்கிறது. நான்காமவர் அந்நேரம் அங்கே இல்லை. அவர் தொழிற்சாலையில் இருக்கிறார். அல்லது செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக அங்கே இருப்பது அவருடைய ஒப்பம் மட்டுமே. அந்த ஒப்பம் அறிந்து இட்டதாக இருந்தால் அவரே பிள்ளையின் தோளைப் பற்றி நிற்பதற்கு ஒப்பாகும். அறியாமல் இட்டதாக இருந்தால், அந்த வரிசையில் பிள்ளை தனியாகத்தான் நிற்கிறது.